பதினான்காம் இலக்க அறையில் யாகுத்தியா

2024ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்க, ஒரு புதன்கிழமை பின்னேரம், ஒஸ்லோவின் புருசெத்தில் உள்ள தொடர்மாடி ஒன்றின் நிலவறையில், சிறிதேவியின் பிறீசருக்குள் யாகுத்தியா இருந்தது. அரைகுறையாக அல்ல, முழுதாக இருந்தது: முப்பத்தொரு லட்சம் சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான நிலம், பத்து லட்சம் சனம், மூன்று நேர வலயம், ஒரு பெரிய ஆறு. பிறீசர் நாலடி நீளம், இரண்டடி அகலம். சிறிதேவி அறக்குளா மீன் எடுக்கப் போயிருந்தாள். மேலே கிடந்த பட்டாணிப் பையை ஒதுக்கி, மீன் பொட்டலத்தை இழுத்தபோது, அதற்குக் கீழே இருந்திருக்க வேண்டிய ஆட்டிறைச்சியைக் காணவில்லை. ஒரு கூரை உயரம் கீழே, வெள்ளைப் பனிப்புகாருக்குள், ஒரு சந்தை நடந்துகொண்டிருந்தது. உரோமத் தொப்பி போட்ட பெண்கள் உறைந்த மீன்களைப் பெட்டிகளில் விறகுபோல் நிமிர்த்தி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சிறிதேவி ஒரு அடி பின்வாங்கினாள். மூடியைப் போட்டாள். முருகா முருகா என்று மூன்று தரம் சொல்லிவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தாள். சந்தை அப்படியே இருந்தது. பிறகு மீனை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கறி வைத்தாள், ஏனென்றால் யோகலிங்கம் ஆறு மணிக்குப் பசியோடு வருவார்.

சிறிதேவிக்கு அப்போது ஐம்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. சுன்னாகத்தில் பிறந்தவள், 1989இல் நோர்வேக்கு வந்தவள், ஸ்டோவ்னரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக வேலை. கணவர் யோகலிங்கம் பஸ் ஓட்டுபவர், விரதம் ஒன்றையும் விடாதவர், வீட்டில் ஒரு கோப்பையும் கழுவாதவர். மகள் சாருகா இங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பவள். சாப்பாடு முடிந்த பிறகுதான் சிறிதேவி வாயைத் திறந்தாள். மூன்று பேரும் நிலவறைக்கு இறங்கினார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பிக்கதவு போட்ட ஒரு சாமான் அறை உண்டு. இவர்களுடையது பதினான்காம் இலக்கம். சாருகா பிறீசருக்குள் இடுப்புவரை குனிந்து, கீழே போன வாகனங்களின் இலக்கத்தகடுகளைத் தொலைபேசியில் படம் பிடித்தாள். எல்லாத் தகடுகளின் ஓரத்திலும் பதினான்கு என்றிருந்தது. ரஷ்யாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தகட்டில் ஒரு இலக்கம் உண்டென்றும், பதினான்கு யாகுத்தியா என்றும் தேடிச் சொன்னாள். "எங்கடை அறையும் பதினாலுதானே" என்றார் யோகலிங்கம், எல்லாம் விளங்கிவிட்டவர்போல. சாருகா அது தற்செயல் என்றாள். அதற்கு மேல் நல்ல விளக்கம் இன்றுவரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த கிழமைகளில் சாருகா அந்த நாட்டை அளந்தாள். நேரே கீழே பார்த்தால் தலைநகர் யாகுத்ஸ்க்கின் சந்தை. பக்கத்தில் லேனா ஆறு, பனி மூடி, லொறிகள் ஓடும் வெள்ளை வீதியாக. இடப்பக்க மூலையில் ஊர் ஒன்றையே விழுங்கக்கூடிய வட்டக் குழி. உலகத்து வைரத்தில் நாலில் ஒன்று இந்தப் பக்கத்து மண்ணிலிருந்துதான் வருகிறது என்றாள். வலப்பக்க மூலையில் மனிதர் குடியிருக்கும் ஊர்களிலேயே மிகக் குளிரான ஊர். அந்த மூலையில் வைத்த ஐஸ்கிறீமைக் கத்தியால் வெட்ட முடியாது. மோட்டர் இருக்கும் பக்கம் வட சமுத்திரம். வீடுகள் எல்லாம் தூண்களில் நின்றன, நிலத்தைத் தொட்டால் வீட்டுச் சூட்டுக்கு உறைமண் இளகி வீடு புதையும் என்பதால். குதிரைகள் மைனஸ் ஐம்பதிலும் வெளியே நின்று பனியைக் காலால் கிண்டிப் புல் தின்றன. சனங்கள் பாலை வட்டத் தட்டுகளாக உறைய வைத்துக் கையில் கொண்டு போனார்கள். நோர்வேயைப் போல எட்டு மடங்கு, இலங்கையைப் போல நாற்பத்தேழு மடங்கு என்று அவள் சொன்னபோது யோகலிங்கம், இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு இத்தனை கொஞ்சப் பேரா என்று மனம் நொந்தார்.

தொடர்மாடியில் விஷயம் பரவ இரண்டு நாள் எடுத்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜோனாஸ் சட்டக்கோவையோடு வந்து பார்த்தார். எரிபொருள் வைக்கக்கூடாது, விலங்கு வைக்கக்கூடாது என்று இருந்தது. மாகாணம் வைக்கக்கூடாது என்று இல்லை. குதிரைகளைப் பற்றிச் சற்று யோசித்தார், ஆனால் அவை அறைக்குள் இல்லை, பிறீசருக்குள்தான் என்பதால் விட்டுவிட்டார். ஆடி மாதம் அங்கே காடு எரிந்து புகை நிலவறை முழுக்க வந்தபோது மட்டும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் போட்டார். கோடையில் மூடியைத் தூக்கினால் நுளம்பும் வெக்கையும்தான் முகத்தில் அடிக்கும். சனங்கள் புல்வெளியில் கைகோத்து வட்டமாக ஆடி, குதிரைப் பால் புளிக்கவைத்த பானத்தை மரக்கிண்ணத்தில் குடித்தார்கள். அப்போதும் மீன் இளகவில்லை. ஒரு முழம் கீழே மண் எந்தக் காலத்திலும் கல்லாகவே கிடக்கும் என்று சாருகா சொன்னதால், சிறிதேவி பொட்டலங்களை அடியில் புதைத்து வைத்தாள். அப்படிப் புதைக்கும்போது ஒருநாள் பெரிய கொம்பு ஒன்று தட்டுப்பட்டது. பழங்காலத்து யானையின் தந்தம். அங்கே அதைக் கிண்டி எடுத்து விற்பதே ஒரு தொழில். சில வேளை முழு மிருகமே வரும், தோலும் மயிரும் பல்லிடுக்கில் புல்லுமாக, நேற்றுப் படுத்தது போல என்றாள் சாருகா. அந்தக் குளிருக்குள் போனது வைத்தது வைத்தபடி இருக்கும்.

சந்தையில் நேர் கீழே மீன் விற்றவளின் பெயர் வர்வாரா. சிறிதேவி முதன்முதல் கையை உள்ளே விட்டபோது, புகாருக்குள்ளிருந்து தங்கக் காப்புப் போட்ட மாநிறக் கையொன்று வருவதைக் கண்டு வர்வாரா பயப்படவில்லை. அங்கத்தைய சனங்கள் ஆற்றுக்கும் நெருப்புக்கும் ஒரு பங்கு சாப்பாடு வைக்காமல் வாயில் வைக்கமாட்டார்கள். இது இந்த இடத்துக்குரிய ஏதோ ஒன்றின் கை என்று எடுத்துக்கொண்டு ஒரு அப்பத்தை அதில் வைத்தாள். வெறுங்கையோடு வாங்கிப் பழக்கமில்லாத சிறிதேவி மறுநாள் ஆறு றோல்ஸ் இறக்கினாள். வர்வாரா ஒரு வெள்ளைமீன் ஏற்றினாள். இப்படியே மாதங்கள் போயின. துண்டில் எழுதி அனுப்பியதைச் சாருகா தொலைபேசியில் மொழிபெயர்த்துக் கொடுப்பாள். றோல்ஸ், பற்றிஸ், உழுந்துவடை எல்லாம் யாகுத்ஸ்க் சந்தைக்குப் போயின. வடையில் மட்டும் ஒரு குறை உண்டு. படையலுக்குச் செய்வதை ருசி பார்க்கக்கூடாது என்று சின்ன வயதில் தாய் பழக்கிய பழக்கத்தில், சிறிதேவி வீட்டில் எதைச் சமைத்தாலும் ருசி பார்ப்பதில்லை. முதியோர் இல்லத்தில் எல்லாவற்றையும் நிறுத்துப் போடுவதால் தப்பியது. வீட்டில் அவள் சுடும் வடைக்கு முப்பத்தைந்து வருடமாக உப்புக் காணாது. யோகலிங்கம் அதைச் சொல்லிக் களைத்து விட்டுவிட்டார்.

இப்போது ரவீந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் சிறிதேவியின் ஒரே தம்பி. 1996இல், இருபத்திரண்டு வயதில், நோர்வேக்கு வருவதற்காக மொஸ்கோவரை வந்து, அங்கே ஒரு வீட்டில் பதினொரு பேரோடு அடைபட்டுக் கிடந்தான். ஒருநாள் தொலைபேசி எடுத்தான். குளிர் தாங்கேலாது, இரண்டு காற்சட்டை போட்டிருக்கிறேன் என்றான். சிறிதேவி அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு இடத்திலை நில்லு தம்பி. நான் கூப்பிடும்வரைக்கும் அசையாதை." அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கூட இருந்தவர்களில் ஒன்பது பேர் ஐரோப்பா வந்து சேர்ந்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. சுன்னாகத்தில் தாய் 2009வரை வாசற்படலையைப் பார்த்தபடி இருந்துவிட்டுச் செத்துப்போனாள். யோகலிங்கம் ஒவ்வொரு வருடமும், இனியாவது அவனுக்கு ஒரு திவசம் செய்வோம் என்று தொடங்குவார். "அவன்ரை சவத்தைப் பாத்தனீங்களோ?" என்று சிறிதேவி கேட்பாள். அதோடு அந்த வருடத்துப் பேச்சு முடியும். நில் என்று சொன்னது தான்தான் என்பதை அவள் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

புரட்டாதி மாதக் கடைசியில் மின்திருத்த வேலைக்காக நிலவறையில் இருபது நிமிடம் மின்சாரத்தை நிறுத்தினார்கள். சிறிதேவி போய்ப் பார்த்தபோது பதினான்காம் அறைத் தரையில் ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரும் இரண்டு சின்ன மீனும் கிடந்தன. அவள் துடைத்துவிட்டு யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஜோனாஸ் பிறீசரை அப்புறப்படுத்தச் சொல்லுவார்.

ஐப்பசி நடுவில், ஆறு உறையத் தொடங்குமுன் ஓடிய கடைசிப் படகில், வர்வாரா ஒரு வடைப் பொட்டலத்தை அக்கரைக்கு அனுப்பினாள். அக்கரையில் லொறிகள் தரிக்கும் இடத்தில், மாரியில் எஞ்சின்கள் அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஒருவன் இருந்தான். அணைந்தால் வசந்தம்வரை கிளம்பாது. அவனுடைய நிறம் அந்தக் கையின் நிறமாக இருந்ததால் அவனுக்கும் கொஞ்சம் கொடுக்கலாமென்று நினைத்தாளாம். படகு திரும்பி வந்தபோது சிகரெட் பெட்டி மட்டை ஒன்று வந்தது. வர்வாரா அதை மீனின் வாய்க்குள் செருகி மேலே கொடுத்தாள். சிறிதேவி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தமிழில் எழுதியிருந்தது.

"அக்கா, வடைக்கு உப்புக் காணாது."

அவள் நிலத்தில் குந்திவிட்டாள். பிறீசர் மூடி திறந்தபடி கிடந்தது. குளிர் தலைக்கு மேலால் வழிந்தது. சவர்க்காரம் வாங்கிக்கொண்டு அந்த வழியால் போன சோமாலியப் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டு வந்து பருக்கினாள். என்ன நடந்தது என்று அவள் கேட்டதற்குச் சிறிதேவி உப்பு, உப்பு என்று மட்டும் சொன்னாள்.

அவள் மேலே போய் ஒருவருக்கும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடம் கேட்டது கைக்கு எட்டும் நேரத்தில் வாயால் சொல்லிக் கண்ணூறு பட வைப்பதா என்று நினைத்தாள். யோகலிங்கத்திடம் சொன்னால் ஒரு கிழமைக்குள் பக்கத்துப் பகுதியான ரொம்சோஸ்வரை தெரிந்துவிடும். துண்டுகள் மட்டும், ஆற்றில் காற்றுமெத்தையில் ஓடும் சின்னப் படகால் போய் வந்தன. இரண்டாவது துண்டில் அவன் தன் கதையைச் சொன்னான். மொஸ்கோவில் பிளேனில் ஏற்றினார்களாம். இறங்கப்போகும்போது பாஸ்போட்டைக் கிழித்துக் கழிவறையில் போடு, நோர்வே என்றால் பனி, பனியைக் கண்டதும் கிழி என்று சொல்லியிருந்தார்களாம். யன்னலால் பனியைக் கண்டான். கிழித்தான். இறங்கி முதல் கண்ட பொலிஸ்காரனிடம் அசீல், அதாவது தஞ்சம், என்றான். அது யாகுத்ஸ்க். பொலிஸ்காரனுக்கு அவனை எந்தக் கொப்பியில் எழுதுவதென்று தெரியவில்லை, எழுதாமல் விட்டான். ஒரு லொறிக்காரன் பனிவீதியால் அக்கரைக்குக் கூட்டிப்போய் எஞ்சின் பார்க்கும் வேலையில் விட்டான். "நீங்கள் நில் எண்டனீங்கள். நிக்கிறன். அம்மா சுகமா?" என்று முடித்திருந்தான்.

படகுகளில் கடதாசி கேட்பார்கள். அவனிடம் ஒரு கடதாசியும் இல்லை. ஐஸ் கடதாசி கேட்காது. ஆனால் ஐஸ் இறுக வேண்டும். லேனாவுக்கு அங்கே பாலம் இல்லை. அக்கரைக்கும் சந்தைக்கும் பன்னிரண்டு கிலோமீற்றர். வர்வாராவும் ஒரு துண்டு அனுப்பினாள். தன் தாய் மீன் விற்ற காலத்திலேயே இந்தப் பொடியன் அங்கே நின்றான், இப்போதும் அதே பொடியன்தான் என்று அதில் இருந்தது. சாருகா வீட்டில் இல்லாத நேரம் தொலைபேசியில் தானே மொழிபெயர்த்துப் பார்த்த சிறிதேவி, தான் எங்கேயோ பிழையாக அமத்திவிட்டதாக நினைத்தாள். அம்மாவைப் பற்றிய கேள்விக்கு அவளால் பதில் எழுத முடியவில்லை. மூன்று நாள் பேனையை வைத்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் ஒரே ஒரு சொல்லை எழுதி இறக்கினாள்: "வா."

தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் முதலாந் திகதி வெள்ளிக்கிழமை. அடுத்த நாள் கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது. சஷ்டி ஆறு நாளும் வீட்டு எல்லைக்குள் மச்சம் இருக்கக்கூடாது என்பது யோகலிங்கத்தின் சட்டம். ஒவ்வொரு வருடமும் சிறிதேவி பிறீசரிலுள்ள மீனையும் இறைச்சியையும் ரொம்சோஸிலிருக்கும், விரதம் பிடிக்காத வேதக்கார (கிறிஸ்தவ) சினேகிதர் வீட்டில் கொண்டுபோய் வைத்து, பிறீசரைக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுவாள். இந்த முறை தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். யோகலிங்கத்துக்கு அன்று லீவு. இரண்டு கிழமையாக மனிசி சோறு தின்னவில்லை, கண் குழி விழுந்து கிடக்கிறாள் என்று அவருக்கு இரக்கம் வந்தது. முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, ஒருவரும் சொல்லாமலே ஒரு வீட்டுவேலையைச் செய்ய அவர் எழும்பினார். தோய்ந்தார், வேட்டி கட்டினார், வாளியில் மஞ்சள் கரைத்தார், நிலவறைக்குப் போனார். அகப்பட்ட மீன் பொட்டலங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றினார்.

பதினொரு மணிக்கு ஸ்டோவ்னர் சமையலறையில் சிறிதேவிக்குத் தொலைபேசி வந்தது. ஜோனாஸ் பேசினார். நிலவறையில் தண்ணீர், அதில் ஐஸ் கட்டிகள், தவிர ஒரு கப்பலின் ஊதல் சத்தமும் கேட்கிறது என்றார். அவள் ஏப்பிரனோடு ஓடினாள். பஸ்ஸில் இருந்த இருபது நிமிடமும் அவள் கண்ணை மூடவில்லை, மூடினால் தம்பி ஆற்றுக்குள் விழுவது தெரியும் என்று பயந்தாள்.

நிலவறைப் படியில் நின்று பார்த்தாள். நடைபாதை முழுக்க லேனா ஆறு, முழங்கால் உயரத்துக்கு, மஞ்சள் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள்களும் பனிச்சறுக்குக் கட்டைகளும் யாரோ ஒருவரின் கலியாண மணவறைத் தூண்களும் மிதந்தன. ஐஸ் பாளங்கள் கம்பிக்கதவுகளில் இடித்தன. நடுவில் யோகலிங்கம் நனைந்த வேட்டியோடு வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கழுவத்தான் நினைச்சனான் சிறி" என்றார். அவருடைய காலடியில் வர்வாராவின் அப்பப் பொட்டலம் ஒன்று தட்டுப்பட்டு நின்றது. சிறிதேவி அதைப் பிரித்தாள். காலையில் வந்த துண்டு, ரவியின் எழுத்து; இன்று விடிய எழும்பி நடக்கத் தொடங்குகிறேன் என்று இருந்தது.

"ரவி ஐஸிலை வாறான்" என்று அவள் அலறினாள். "என்ரை தம்பி ஐஸிலை நடந்து வாறான். நான்தான் வரச்சொன்னனான். பிளக்கைப் போடுங்கோ!"

யோகலிங்கம் வாளியைக் கைவிட்டார். "நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டவர் பதிலுக்கு நிற்காமல் தண்ணீருக்குள் பாய்ந்து பிளக்கைத் தேடிச் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேரக்கூடாது என்பதால் நிலவறை இணைப்பை ஜோனாஸ் ஏற்கெனவே அணைத்திருந்தார். சிறிதேவி அவருடைய சட்டையைப் பிடித்து நொர்வேஜியத்தில் கெஞ்சினாள். ஜோனாஸ் முடியாது என்றார். இத்தனை பேர் தண்ணீருக்குள் நிற்கும்போது இணைப்பைக் கொடுத்தால் எல்லோரும் சாவார்கள். அது உண்மை, அவள் அவரை அதற்காகப் பிற்பாடு ஒருபோதும் குறை சொன்னதில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஓடிவந்த சாருகாதான் படியில் நின்றபடி சொன்னாள், ஆற்றுக்கு மின்சாரம் தேவையில்லை, குளிர்தான் தேவை என்று. ஜோனாஸ் ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் தொலைபேசியை எடுத்து, நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே செய்தி அனுப்பினார்: உடனே டுக்னாட், உறைந்திருப்பது எல்லாவற்றையும் கீழே கொண்டு வாருங்கள்.

டுக்னாட் என்றால் நோர்வேயில் எல்லோரும் சேர்ந்து கூலியில்லாமல் இறங்கிச் செய்யும் வேலை. அதற்கு வராமல் இருப்பதைப் போல வெட்கக்கேடு வேறில்லை. வழக்கமாக இலை கூட்டுவார்கள். அன்று நாற்பத்திரண்டு வீட்டுச் சனமும் தங்கள் தங்கள் பிறீசரோடு வந்தது. தமிழ் வீடுகள் எல்லாம் சஷ்டிக்காக எப்படியும் அப்புறப்படுத்த வேண்டிய பாரையும் சூடையும் நண்டும் இறைச்சியும் முதலில் வந்து விழுந்தன. பாகிஸ்தான்காரர் அரை ஆடு ஒன்றைத் தோளில் கொண்டு வந்தார். நொர்வேஜியர்கள் இலையுதிர்காலத்தில் சுட்ட காட்டுமானையும், உறைந்த பழங்களையும், மீன்விரல் பெட்டிகளையும் கொண்டு வந்தார்கள். சோமாலியப் பெண் ஐஸ்தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். கையிலிருந்து கைக்கு மாற்றி, பதினான்காம் அறை வாசலில் நின்ற யோகலிங்கம்வரை வந்து, அவர் கையால் ஆற்றுக்குள் போனது. விரதக்காரர், பிறந்த நாளிலிருந்து சஷ்டிக்கு முதல்நாள் மச்சம் தொடாதவர், முழங்காலளவு ஐஸில் நின்று நண்டு எறிந்தார். முக்கால் மணித்தியாலம் இப்படி நடந்தது. பிறகு ஓட்டம் தளர்ந்தது. சுவரோரம் முதலில் வெள்ளை கட்டியது, பிறகு நடுவில். ஐஸ் நெரிபடும் சத்தம் நின்றது. பிறீசரின் விளிம்பில் ஒரு கை வந்து பிடித்தது.

அவன் ஏறி வெளியே வந்து ஐஸில் நின்றான். இரண்டு காற்சட்டை போட்டிருந்தான். மீசையில் உறைபனி கட்டியிருந்தது. இருபத்திரண்டு வயது. மொஸ்கோவில் அவன் தொலைபேசியை வைத்தபோது எப்படி இருந்தானோ அப்படி, ஒரு நாள் கூடவோ குறையவோ இல்லாமல். சாருகாவின் கையிலிருந்த டோர்ச்சு விழுந்தது. தன்னிலும் மூன்று வயது குறைந்த மாமனை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ரவீந்திரன் சுற்றிலும் பார்த்தான், கூட்டத்துக்குள் சிறிதேவியைக் கண்டான், முகம் மலர்ந்தது. சொந்தக்காரர் எல்லாம் அவளைக் கண்டால் தாயை உரித்து வைத்தமாதிரி என்று சொல்வார்கள். அவன் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது தாய்க்கு ஐம்பத்தாறு.

"அம்மா! நீங்கள் எப்ப இஞ்சை வந்தனீங்கள்?" என்றான். அவளைக் கட்டிப்பிடித்தான். குளிர் அவளுடைய எலும்புக்குள் இறங்கியது. பிறகு தோளுக்கு மேலால் தேடினான். "அக்கா எங்கை?"

யோகலிங்கம் வாயைத் திறக்கப் போனார். அவள் அவருடைய கையை நெரித்துப் பிடித்தாள்.

"அக்கா வேலைக்குப் போட்டா" என்றாள். "வந்திடுவா. நீ வா, முதல் சாப்பிடு."

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தண்ணீர் வடிகாலால் இறங்கி அல்னா ஆற்றோடு போய்ச் சேர்ந்தது. அந்த மாரியில் அல்னாவில் வெள்ளைமீன் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். நிலவறை மின்சாரம் மூன்றாம் நாள் வந்தது, பிறீசரை மாட்டினார்கள், யாகுத்தியா பழைய இடத்தில் இருந்தது, வர்வாரா ஒன்றும் நடக்காததுபோல் மீன் நிமிர்த்திக்கொண்டிருந்தாள். இப்போது அந்தப் பிளக்கின் மேல் மூன்று மொழியில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. குடிவரவு அதிகாரி ரவீந்திரனிடம் எப்படி வந்தாய் என்று கேட்டார், நடந்து என்றான், அவர் நடந்து என்று எழுதினார். பிறந்த வருடம் 1974. பல்லைப் பார்த்த வைத்தியர் வயது இருபத்திரண்டு என்றார். இரண்டையும் கோவையில் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அன்று மத்தியானம் அவன் குசினி மேசையில் இருந்தான். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, ஊர்க் கதைகளையும் படலைக்குப் பக்கத்து மாமரத்தையும் அம்மா அம்மா என்று கேட்டுக்கொண்டு இருந்தான். அவள் ஓம் ஓம் என்றாள். அடுப்பில் வேறொன்றும் இல்லை. முதல்நாள் தீபாவளிக்குச் சுட்ட உழுந்துவடை இருந்தது. கோப்பையில் போட்டு வைத்தாள். அவன் ஒன்றை எடுத்துக் கடித்தான். இரண்டு தரம் மென்றான். மூன்றாந்தரம் வாய் அசையவில்லை. தாயின் வடையில் உப்பு ஒருநாளும் பிசகியதில்லை. அவன் கையிலிருந்த வடையைப் பார்த்தான். அவளுடைய கையைப் பார்த்தான், வகிட்டு நரையைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான்.

"அக்கா" என்றான்.

"ஓம்."

யன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று வந்து போனது. கதவோரம் ஈர வேட்டியோடு நின்ற யோகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அம்மா?" என்று கேட்டான்.

சிறிதேவி எழும்பிப் போய், உப்புப் போத்தலை எடுத்து வந்து, அவனுக்கு முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் போத்தலைத் திறந்து, வடையில் உப்பைத் தூவிக்கொண்டு மிச்சத்தையும் சாப்பிட்டான்.